நகரத்துக் கடைமடை: குடிநீர்ப் பங்கீட்டை யார், எங்கே தீர்மானிக்கிறார்கள்?

வாய்க்கால் பாசனம் தெரிந்தவருக்குத் தலைமடை, கடைமடை என்றால் விளக்கம் தேவையில்லை. மதகுக்குப் பக்கத்து வயலில் வரப்பு நிரம்பி வழியும். கடைசி வயலில் நாற்று காய்ந்து கிடக்கும். வரப்பில் நின்று பார்த்தாலே பேதம் தெரிந்துவிடும் என்பதால்தான் ஊரில் முறை வைத்தார்கள், மடை திறக்க ஆள் வைத்தார்கள், முறை தவறினால் பஞ்சாயத்தும் வைத்தார்கள். அந்த முறையில் சாதியும் நிலவுடைமையும் கலந்தே இருந்தன. அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு பாய்ந்தது என்பதாவது ஊருக்குத் தெரியும். நகரத்தில் அதே வாய்க்கால் இரும்புக் குழாயாகித் தெருவுக்கு அடியில் போய்விட்டது. தலைமடையும் கடைமடையும் அப்படியேதான் இருக்கின்றன. நின்று பார்க்க வரப்புதான் இல்லை.

நகரக் குடிநீரில் நியாயம், ஜனநாயகம் என்று பேச்செடுத்தால் அது உடனே அணைக்கும் அண்டை மாநிலத்துக்கும் தனியார்மயத்துக்கும் போய்விடும். அவையும் முக்கியம்தான். ஆனால் ஒரு குடும்பத்துக்கு இன்று எத்தனை குடம் தண்ணீர் என்பது பெரும்பாலும் அதைவிடச் சின்ன இடங்களில் முடிவாகிறது. எந்த வால்வு எத்தனை மணிக்கு எத்தனை சுற்றுத் திறக்கப்படுகிறது, யார் வீட்டில் சம்ப் (தரைக்கடித் தொட்டி) இருக்கிறது, புது இணைப்புக்கு என்ன காகிதம் கேட்கிறார்கள் என்பவைதான் அந்த இடங்கள். ஆகவே கீழிருந்து தொடங்குவோம். சென்னைதான் இங்கே முக்கிய உதாரணம். வேண்டிய இடத்தில் வேறு ஊர்களும் வரும்.

குழாய்க்குள் நடப்பது

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்து ஏரிகளும் நிரம்பினால் சென்னைக்கு 11,757 மில்லியன் கன அடி, அதாவது 11.75 டி.எம்.சி. தண்ணீர். நகரம் நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் எடுத்தால் மாதத்துக்கு ஒரு டி.எம்.சி.க்குச் சற்று மேல் போகும். வீராணம் ஏரி, கண்டலேறு அணை, மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகள் எல்லாம் இதற்கு மேல் சேர்வது. சுத்திகரித்த நீர் பெருங்குழாய் வழியாக நீர்ப் பகிர்மான நிலையத்துக்கு வரும். அங்கிருந்து பம்ப் செய்து பகிர்மானக் குழாய்களில் விடுவார்கள். அதிலிருந்து தெருக் குழாய், தெருக் குழாயிலிருந்து ஃபெர்ரூல் என்ற சிறு துளையுள்ள இணைப்பு உறுப்பு வழியாக அரை அங்குல வீட்டு இணைப்பு.

பல தெருக்களில் 24 மணி நேரமும் தண்ணீர் வராது. இரண்டு மூன்று மணி நேரம்தான் வரும், சில இடங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு நாளைக்கு உரிய தண்ணீரை 2 மணி நேரத்தில் அனுப்பினால், குழாயில் ஓட்டம் சராசரியைப் போல 12 மடங்கு ஆகிவிடும். குழாயின் உட்சுவரில் உரசிப் போகும்போது அழுத்தம் குறையும். ஓட்டம் இரண்டு மடங்கானால் இந்த இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில், அழுத்தத்தின் பெரும்பகுதி தெருவின் முதல் பாதியிலேயே தீர்ந்துவிடும். கடைசி வீட்டுக்காரர் “தண்ணீரே விடவில்லை” என்பார். வால்வு ஆப்பரேட்டர் “ஆறு மணிக்கே திறந்துவிட்டேன்” என்பார். இருவர் சொல்வதும் உண்மை.

மத்திய அரசின் குடிநீர்க் கையேட்டின்படி (1999 பதிப்பு) ஒரு தளக் கட்டடம் உள்ள தெருவில் குழாயில் குறைந்தது 7 மீட்டர் அழுத்தம் (தண்ணீரை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றக்கூடிய அழுத்தம்) மிஞ்சியிருக்க வேண்டும். இரண்டு தளத்துக்கு 12, மூன்று தளத்துக்கு 17. சென்னைத் தெருக்களில் வீட்டு வாசலில் நிற்கும் அடிபம்பைப் பார்த்தாலே இது எவ்வளவு தூரம் நடப்பில் இல்லை என்பது விளங்கும். அவற்றில் பல, கிணற்றில் இறக்கியவை அல்ல; குடிநீர் வாரியக் குழாயில் பொருத்தியவை. ஒரு அடி உயரக் குழாய்க்குக்கூடத் தண்ணீர் தானாக ஏறாததால் கையால் அடித்து ஏற்ற வேண்டியிருக்கிறது.

இங்கேதான் சம்ப் வருகிறது. தரைக்கு அடியில் 10,000 லிட்டர் தொட்டி கட்டியவருக்கு அழுத்தம் தேவையில்லை. பள்ளத்தில் தானாக இறங்கும் தண்ணீரே போதும். நள்ளிரவில் விட்டாலும் அவர் தூங்கலாம். சம்ப் இல்லாதவர் குடத்தோடு விழித்திருக்க வேண்டும். தெருக் குழாயோடு நேரே மோட்டார் போட்டு உறிஞ்சுபவர் இன்னும் ஒரு படி மேலே: அவர் அடுத்தவர் பங்கை எடுப்பதோடு நிற்பதில்லை. குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் கீழே இறங்கும்போது, கசியும் இணைப்புகள் வழியாகச் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தையும், பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் உடைந்திருந்தால் அதையும் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசி வீட்டில் தண்ணீர் முதல் பத்து நிமிடம் நாற்றத்தோடு வருவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். அளவில் நடக்கும் அநியாயம் தரத்திலும் வந்து நிற்கிறது.

வால்வைக் கொஞ்சம் அருகில் பார்க்கலாம். தெருவில் இரும்பு மூடியைத் தூக்கினால் செங்கல் கட்டிய சிறு குழி. உள்ளே சதுரத் தலையோடு ஒரு தண்டு. டி வடிவச் சாவியை அதில் மாட்டித் திருப்ப வேண்டும். ஆறு அங்குல வால்வு முழுதாகத் திறக்க ஏறத்தாழ இருபது சுற்று. இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இருபது சுற்றில் பாதியை மூடினால் ஓட்டம் பாதியாகக் குறையும் என்று நினைப்பார்கள். குறையாது. இந்த வகை வால்வில் திறப்பின் முதல் சில சுற்றுகளிலேயே ஓட்டத்தின் பெரும்பகுதி வந்துவிடும். கடைசிப் பத்துச் சுற்றால் பெரிய மாற்றம் இருக்காது. எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று வைத்தால் அடுத்த தெருவுக்கும் போகும் என்பது பழகிய கைக்குத்தான் தெரியும். அந்த ஆள் மாறிப்போனாலோ, யாரோ செல்வாக்குள்ளவர் “இன்னும் நாலு சுற்று விடுங்கள்” என்றாலோ, ஒரு பகுதியின் பங்கு மாறிவிடும். எந்தத் தீர்மானமும் நிறைவேற்றப்பட்டிருக்காது, எந்தக் கோப்பிலும் பதிவு இருக்காது.

சராசரி மறைப்பது

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் ஏறக்குறைய முழுதாக வற்றின. நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டராக இருந்த விநியோகம் 52.5 கோடி லிட்டராகக் குறைக்கப்பட்டது. 70 லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 75 லிட்டர். கஷ்டம்தான், ஆனால் ஐந்து குடம் தண்ணீர்; சமாளிக்கக்கூடியது போலத் தோன்றும். அந்த 75 லிட்டர் யாருக்கும் கிடைத்த அளவல்ல. வகுத்து வந்த எண், அவ்வளவுதான்.

தெருவோரக் கறுப்புத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 2,000 லிட்டர். அதை நம்பி 20 குடும்பங்கள். லாரி நாளுக்கு ஒருமுறை வந்து நிரப்பினால் குடும்பத்துக்கு 100 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் ஆறரைக் குடம். நாலு பேர் வீட்டில் தலைக்கு 25 லிட்டர். லாரி ஒருநாள் தவறினால் 12.5. ஆறரைக் குடம் என்பது ஏறத்தாழ நூறு கிலோ; மூன்றாவது மாடியில் வீடு என்றால் அது அத்தனையும் படியேற வேண்டும். யார் தூக்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். குழாயடிச் சண்டை என்று கேலியாகச் சொல்கிறோம். உண்மையில் பங்கீட்டைப் பற்றி நகரத்தில் நேருக்கு நேர் நடக்கும் ஒரே விவாதம் பல வார்டுகளில் அதுதான்.

ஏற்றத்தாழ்வு விதியிலேயே எழுதப்பட்டிருப்பதையும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன அதே கையேடு, பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்குத் தலைக்கு 135 லிட்டர், பெருநகரத்துக்கு 150 லிட்டர் என்றது. பொதுக் குழாயை நம்பியிருப்பவருக்கு 40 லிட்டர் போதும் என்றது. ஊழல் வேண்டாம், மோசடி வேண்டாம். விதிப்படி நடந்தாலே குடிசைப் பகுதிக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வரும்.

விலையிலும் இதே கதை. 20 லிட்டர் கேன் 40 ரூபாய் என்றால் ஆயிரம் லிட்டர் 2,000 ரூபாய். வீட்டு இணைப்பு உள்ளவர் அதே ஆயிரம் லிட்டருக்குச் சில ரூபாய் கட்டுகிறார். குழாய் இல்லாதவர்தான் நகரத்திலேயே விலையுயர்ந்த தண்ணீரைக் குடிக்கிறார்.

ஆகவே ஒரு நகரத்தின் தண்ணீர் நியாயமாகப் பகிரப்படுகிறதா என்று பார்க்க, சராசரியைக் கேட்காமல், மிகக் குறைவாகப் பெறும் பத்தில் ஒரு பங்கு மக்களுக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு, என்ன விலையில், எவ்வளவு நேரம் காத்திருந்து என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் வார்டு வாரியாக அளந்திருக்க வேண்டும். அளக்காத இடத்தில் நியாயம் பேசுவது சிரமம்.

கட்டணம்: குடும்பத்துக்கா, தலைக்கா?

அளவுக்கேற்ற கட்டணம் என்றால் நியாயம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். குறைவாகச் செலவிடுபவருக்குக் குறைந்த விலை, கூடுதலாகச் செலவிடுபவருக்குக் கூடுதல் விலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் 10,000 லிட்டருக்கு ஆயிரத்துக்கு 4 ரூபாய், அடுத்த 10,000-க்கு 8, அதற்கு மேல் 16 என்று ஒரு கற்பனைக் கட்டணம். ஆளுக்கு மாதம் 3,000 லிட்டர். நாலு பேர் உள்ள தனி வீடு 12,000 லிட்டருக்கு 56 ரூபாய் கட்டும், ஆயிரத்துக்கு 4.67. மூன்று குடித்தனம், 12 பேர், ஒரே மீட்டர் உள்ள வீடு 36,000 லிட்டருக்கு 376 ரூபாய் கட்டும், ஆயிரத்துக்கு 10.44. ஆளுக்கு ஒரே அளவு தண்ணீர். ஆனால் ஒண்டுக்குடித்தனக்காரருக்கு விலை இரண்டு மடங்குக்கு மேல். மீட்டர் வீட்டைத்தான் எண்ணும், ஆளை எண்ணாது.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் இது வழக்காகவே வந்தது. நகரம் ஒவ்வொரு இணைப்புக்கும் மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்றது. 8 பேர், தலைக்கு நாளுக்கு 25 லிட்டர், 30 நாள்: அப்படி வந்த எண் அது. சொவெட்டோவின் ஃபிரி பகுதியில் ஒரே மனையில் கொல்லைப்புறக் குடில்களோடு அதைவிடக் கூடுதல் பேர் வாழ்ந்தார்கள். பொருத்தப்பட்டதோ முன்பணம் கட்டும் மீட்டர். இலவச அளவு தீர்ந்ததும் தானாக அடைத்துக்கொள்ளும். மாதக் கடைசியில் வீடு தீப்பிடித்தாலும் அதற்குத் தெரியாது. 2008-ல் உயர் நீதிமன்றம் தலைக்கு 50 லிட்டர் தரச் சொன்னது. 2009 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்து, நகரத்தின் கொள்கை நியாயமானதே என்று தீர்த்தது. மக்கள் வழக்கில் தோற்றார்கள். ஆனால் வழக்கு நடந்த ஆண்டுகளில் அந்த எண் எப்படி வந்தது என்று நகரம் விளக்க வேண்டியிருந்தது, ஏழைகளுக்கான கொள்கையைத் திரும்பத் திரும்பத் திருத்தவும் செய்தது.

டெல்லியின் மாதம் 20,000 லிட்டர் இலவசத் திட்டத்தில் வேறு ஒரு பொறி: 20,000-ஐத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு மட்டுமல்ல, மொத்தத்துக்கும் கட்ட வேண்டும். கூட்டுக் குடும்பத்துக்கு ஒரு விருந்தாளி வந்தால் இலவசம் போய்விடும். இணைப்பும் மீட்டரும் இல்லாதவருக்கு இந்தச் சலுகை ஆரம்பத்திலிருந்தே எட்டாது.

இணைப்பு என்பதே ஒரு வாசல்தான். சொத்துவரி ரசீது, பட்டா, வீட்டு உரிமையாளரின் கையெழுத்து போன்றவை இல்லாவிட்டால் மனு திரும்பிவிடலாம். வாடகைக்கு இருப்பவருக்கு அது இன்னும் கடினம். 2014 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் இந்த முடிச்சை அவிழ்த்தது: குடிசை சட்டவிரோதமாக இருக்கலாம், அதற்காக அங்கே இருப்பவருக்குத் தண்ணீர் மறுக்க முடியாது, வாழும் உரிமையில் தண்ணீரும் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. நிலத்துக்கான உரிமையையும் தண்ணீருக்கான உரிமையையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

முடிவெடுப்பது யார்?

1992-ல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தம், உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க வேலைகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியலிட்டது. அதில் ஐந்தாவது குடிநீர் வழங்கல். ஆனால் ஒப்படைப்பதா வேண்டாமா என்பது மாநிலச் சட்டமன்றத்தின் கையில். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978-ல் உருவான தனி வாரியத்திடம் இருக்கின்றன. அது மாநில அரசின் வாரியம். தலைவர் துறை அமைச்சர். மாநகராட்சி மன்றத்தின் கீழ் உள்ள துறை அல்ல. தெருவில் தண்ணீர் வராவிட்டால் மக்கள் போய் நிற்பது கவுன்சிலர் வீட்டு வாசலில். அவரோ வாரியத்தின் பொறியாளருக்குப் போன் செய்யலாம், உத்தரவிட முடியாது. கேள்வி கேட்கப்படுபவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் நகர உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் தனி அலுவலர்கள். அதாவது 2019-ன் வறட்சியை, சுதந்திரத்துக்குப் பின் சென்னை கண்ட மிக மோசமான தண்ணீர்த் தட்டுப்பாடுகளில் ஒன்றை, நகரம் ஒரே ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் கடந்தது. எந்த வார்டுக்கு எத்தனை லாரி நடை என்பதை மன்றத்தில் எழுந்து கேட்க ஆள் இல்லை. கோவையில் பழைய 60 வார்டுகளுக்கு 24 மணி நேரக் குடிநீர் தர, சூயஸ் நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் 2018-ல் ஏற்பட்டபோதும் நிலைமை இதுதான். 24 மணி நேர விநியோகம் நல்ல யோசனை. குழாய் எப்போதும் நிரம்பியிருந்தால் மேலே சொன்ன கடைமடைப் பிரச்சினையில் பாதி தீரும், சாக்கடையை உறிஞ்சவும் செய்யாது. எங்கள் ஆட்சேபம் அதில் இல்லை. ஒரு தலைமுறையைக் கட்டுப்படுத்தும் கையெழுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் போடப்பட்டது என்பதில்தான்.

தேர்ந்தெடுத்தவர்களை ஒதுக்கிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் கடுமையான பாடம். கடனில் மூழ்கிய அந்த நகரை மாநில அரசு நியமித்த அவசரகால நிர்வாகி நடத்திவந்தார். செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் டெட்ராய்ட்டின் தண்ணீரை விட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களின் உட்படலம் கரைந்து ஈயம் வீடுகளுக்குள் வந்தது. நிறமும் நாற்றமும் பற்றி மக்கள் ஆரம்பத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்தார்கள். 2015 மார்ச்சில் நகர மன்றம் 7-க்கு 1 என்ற வாக்கில் பழைய ஆதாரத்துக்குத் திரும்ப வேண்டும் என்றது. நிர்வாகி ஏற்கவில்லை; மன்றத்தின் வாக்கு அவரைக் கட்டுப்படுத்தாது. திரும்ப மாறியது அந்த அக்டோபரில். தண்ணீரின் சுவை மாறியதை முதலில் அறிபவர் குடிப்பவர். அவருடைய வாக்குக்கு மதிப்பில்லாத இடத்தில் எச்சரிக்கை மணியும் அறுந்துபோகிறது.

நகர எல்லைக்கு வெளியே இருப்பவரின் வாக்கும் இங்கே எண்ணப்படுவதில்லை. வீராணம் ஏரி கடலூர் மாவட்டத்தில். 2004 முதல் அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டுச் சென்னைக்குத் தண்ணீர் வருகிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வந்தது. நாளுக்கு நாலு நடை வந்தாலும் ஒரு கோடி லிட்டர். நகரத்தின் அன்றைய விநியோகத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் எடுக்கப்பட்ட ஊர்க்காரருக்கு அது சின்ன அளவல்ல. புறநகர்க் கிராமத்துக் கிணறுகளிலிருந்து புறப்படும் தனியார் லாரிகளுக்கும் இது பொருந்தும்.

நாற்காலி கிடைத்தால் போதுமா?

பொலிவியாவின் கோச்சபம்பாவில் 1999-ல் நகரத் தண்ணீர் தனியார் கூட்டமைப்புக்குப் போனது. கட்டணம் திடீரென ஏறியது. 2000 ஏப்ரலில் மக்கள் போராட்டம் ஒப்பந்தத்தையே முறித்தது. உலகம் முழுக்க இந்த வெற்றியைச் சொல்வார்கள். பின்னர் நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. மீண்டும் பொதுவுடைமையான நிறுவனத்தின் குழுவில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களும் அமர்ந்தார்கள். ஆனால் அந்தத் தேர்தலில் வாக்களித்தவர் மிகக் குறைவு. நிர்வாகச் சிக்கல்கள் நீடித்தன. நகரின் ஏழைத் தெற்குப் பகுதி ஆண்டுக்கணக்கில் லாரித் தண்ணீரையே விலைக்கு வாங்கியது. குழாயே போகாத இடத்துக்கு வாக்குப்பெட்டி மட்டும் போனால் இதுதான் நடக்கும்.

பாரிஸ் வேறு வழியில் போனது. 2010 ஜனவரி 1 முதல் தனியார் ஒப்பந்தங்களை நீட்டிக்காமல் ஒரே பொது நிறுவனமாக்கியது. நிர்வாகக் குழுவில் நகரமன்ற உறுப்பினர்களோடு ஊழியர்களும் நுகர்வோர், சுற்றுச்சூழல் அமைப்புகளும் அமர்ந்தார்கள். கணக்குகளை அலசத் தனியாக ஒரு குடிமக்கள் கண்காணிப்பு அமைப்பும் உண்டு. 2011-ல் தண்ணீர் விலை 8 சதவீதம் குறைந்தது. அங்கே எல்லா வீட்டுக்கும் ஏற்கெனவே குழாய் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. கோச்சபம்பாவுக்கு அந்த வசதி இல்லை.

தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு நம் நாட்டிலேயே பழைய உதாரணம் மகாராஷ்டிரத்தின் மகாத். சவுதார் குளத்தைத் தீண்டாமைக்கு ஆளானவர்கள் உட்பட எல்லோருக்கும் திறப்பதாக அந்த ஊர் நகராட்சி 1924-லேயே தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்கும்வரை அது காகிதமாகவே கிடந்தது. குடித்ததற்கு அடி விழுந்தது. நீதிமன்றத்தில் விஷயம் முடிய 1937 ஆனது.

உங்கள் தெருவில் அளப்பது எப்படி

இதற்குப் பொறியாளர் தேவையில்லை. 15 லிட்டர் வாளி ஒன்று, கைபேசியின் நிறுத்தக் கடிகாரம், ஒரு நோட்டு. வால்வுக்கு மிக அருகில் ஒரு வீடு, நடுவில் ஒன்று, கடைக்கோடியில் ஒன்று. மூன்றிலும் ஒரே வாரம், தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், திறந்து அரை மணி கழித்து வாளி நிரம்ப ஆகும் நொடிகள். தலையில் 30 நொடி என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர். கடைசியில் 90 நொடி என்றால் 10 லிட்டர். தண்ணீர் வரும் நேரமும் பாதியாக இருந்தால், கடைசி வீட்டுக்குக் கிடைப்பது ஆறில் ஒரு பங்கு. மோட்டார் ஓடாதபோது, சம்ப்புக்கு முன்னால் உள்ள குழாயில்தான் அளக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டிக் குழாயில் அளந்தால் உங்கள் தொட்டியைத்தான் அளக்கிறீர்கள்.

கூடவே குளோரின். சோதனைக் குப்பியில் தண்ணீர் பிடித்துத் துளி மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். அட்டையோடு ஒப்பிட வேண்டும். கடைக்கோடியிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும். தலையில் நிறம் வந்து கடைசியில் வராவிட்டால் நடுவில் எங்கோ குழாய் கெட்டிருக்கலாம்.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு எங்கே போவது? சென்னையில் வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை குறைகேட்புக் கூட்டம் நடக்கிறது. 2022-ல் வந்த விதிகளின்படி வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் (அந்தப் பகுதி வாக்காளர்களின் கூட்டங்கள்) உண்டு. சென்னையில் வார்டுக்குப் பத்துப் பகுதிகள், வார்டு குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர். வால்வு திறக்கும் கால அட்டவணை, உங்கள் வார்டுக்கான லாரி நடைப் பதிவேடு, குளோரின் சோதனைப் பதிவு ஆகியவற்றின் நகலை 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். “தண்ணீர் சரியாக வருவதில்லை, ஏன்?” என்று மனுவில் எழுதக் கூடாது. அந்தச் சட்டம் இருக்கும் ஆவணத்தைத்தான் தரும். ‘ஏன்’ என்பதற்குப் பதில் தராது. பதிவேட்டின் பெயர், மாதம், வார்டு எண் என்று கேட்க வேண்டும்.

தனித்தனியாகப் புகார் செய்தால் வழக்கமாக என்ன நடக்கும் என்றால், ஒரு லாரி வரும். புகார் முடிந்ததாகப் பதிவாகும். வால்வு அப்படியே இருக்கும். கடைமடை வீடுகள் சேர்ந்து கேட்க வேண்டியது வேறு: திறக்கும் வரிசையை மாற்றுங்கள், கடைசிப் பகுதிக்கு அரை மணி முன்னதாகத் திறங்கள், தலைமடை இணைப்புகளின் ஃபெர்ரூலை விதித்த அளவுக்குக் கொண்டுவாருங்கள், கடைசிப் பகுதிக்குத் தனிக் குழாய் போடுங்கள், பகுதி வாரியாக மீட்டர் வையுங்கள். முதல் மூன்றுக்கும் பணம் அதிகம் ஆகாது. ஆனால் தலைமடைக்காரரின் பங்கு குறையும், அவர் பேசாமல் இருக்க மாட்டார். தனிக் குழாய்க்கு யாரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பட்ஜெட்டில் பணம் வேண்டும். அதிகாரிகள் பெரும்பாலும் தனிக் குழாயைச் சொல்லி முதல் மூன்றைத் தள்ளிப்போடுவார்கள்.

வரிசை மாறியபின் ஒரு மாதம் கழித்து அதே மூன்று வீடுகளில், அதே வாளியில், அதே நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும். 30-ம் 90-ம் என்றிருந்தது 40-ம் 60-ம் ஆகியிருந்தால் அந்த அட்டவணையை வால்வுக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லலாம். மாறவே இல்லையென்றால் இரண்டு மாதத் தாளையும் சேர்த்து அடுத்த பகுதி சபைக்கு எடுத்துப்போய், கூட்டக் குறிப்பேட்டில் எண்களோடு பதிவு செய்யச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும்.